ஆஸ்பத்திரி சாப்ளின்சி தன்னார்வலர் பயிற்சி: அறுபதுக்கு மேல் சேரலாமா?

சாப்ளின்சி என்றால் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து கதைத்து மனத்துக்குத் துணையாக இருக்கும் சேவை. அதற்கான தன்னார்வலர் பயிற்சிக்குப் போய்வந்தேன். முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். 5க்கு 4. பயிற்சிக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுப்பேன். அதற்கு முன்னால் நடக்கும் பேப்பர் வேலைக்கு ஒன்றுகூடக் கொடுக்க மனம் வரவில்லை. தமிழ் நோயாளிகளிடம் போகப்போகிற ஒருவனுக்கு அவர்கள் தரும் ஆயத்தம் இரண்டுக்கு மேல் தேறாது. இந்தக் கணக்கில் எப்படி 4 வந்தது என்று கேட்காதீர்கள், வார்டுக்குள் போய் உட்கார்ந்தபின் மற்றதெல்லாம் சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இடம் லண்டன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் குறைகளும் எழுத வேண்டியிருக்கிறது, அதோடு இப்போதும் அங்கேதான் போய்வருகிறேன். பெட்ரோல் நிலையம், பிறகு கவுன்சில் அலுவலகம் என்று ஓடி முடித்து, பென்ஷனுக்கு வந்து, கோயிலும் டீவியும் பேரப்பிள்ளைகளும் என்று இருந்த ஆள் நான். அந்த வயதில் புதிதாக ஒரு வேலைக்குப் பழகப் போவது எப்படி இருக்கும் என்று என்னை ஒத்தவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது.

சாப்ளின்சி என்றதும் பைபிளோடு வரும் பாதிரியார்தான் நம் ஆட்களுக்கு நினைவு வரும். 1948இல் என்.எச்.எஸ் என்ற இந்நாட்டு அரசு மருத்துவச் சேவை தொடங்கியபோது சாப்ளின்சி பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் இமாம் இருப்பார், யூத மதகுருவான ரபை இருப்பார், இந்து, சீக்கியர் இருப்பார்கள். என்.எச்.எஸ் இங்கிலாந்து 2015இல் வெளியிட்டு 2023இல் புதுப்பித்த வழிகாட்டியில், மதம் உள்ளவர்களுக்கும் எந்த மதமும் இல்லாதவர்களுக்கும் இந்தச் சேவை பொதுவானது என்று தெளிவாகவே இருக்கிறது. 2018இல் பக்கிங்ஹாம்ஷயரில் கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு மனிதநேயவாதியைச் சாப்ளின்சிக்கே தலைமையாகப் போட்டார்கள். ஆகவே 'நான் பெரிய பக்திமான் இல்லையே' என்று யாரும் தயங்க வேண்டாம். சம்பளம் வாங்கும் சாப்ளின்கள் வேறு, அவர்கள் படித்துத் தேர்ந்தவர்கள், இரவிலும் போன் வந்தால் ஓடிப்போக வேண்டியவர்கள். நாங்கள் அவர்களுக்குக் கைகொடுப்பவர்கள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மூன்று மணிநேரம், ஒதுக்கித் தந்த வார்டில் கட்டில் கட்டிலாகப் போய், கதைக்க விருப்பமா என்று கேட்டு, விருப்பம் என்றால் உட்காருவது, வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது. வேண்டாம் என்பவர்கள் நிறைய. அதுவும் பழகிவிடும்.

இனி அந்தப் பேப்பர் வேலை. விண்ணப்பம், நேர்முகம், நம்மைத் தெரிந்த இரண்டு பேரின் கடிதம், இதெல்லாம் நியாயம்தான். அப்புறம் போலீஸ் பதிவைப் பார்க்கும் டி.பி.எஸ் சோதனை, தன்னார்வலர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் கடந்த ஐந்து வருடம் இருந்த விலாசம் எல்லாம் இடைவெளி இல்லாமல் கொடுக்க வேண்டும். ஒரே வீட்டில் இருப்பவனுக்குச் சுகம். மகன் வீட்டில் ஆறு மாதம், மகள் வீட்டில் ஆறு மாதம் என்று இருக்கும் அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். அதைவிடப் பெரிய தலையிடி ஊழியர் சுகாதாரப் பிரிவு. தட்டம்மைக்கு ஊசி போட்டாயா, சின்னம்மை வந்ததா, காசநோய்த் தடுப்பூசித் தழும்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். அறுபது வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவனிடம் தடுப்பூசி அட்டை எங்கே இருக்கும்? போரில் வீடே போய்விட்டது. இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அதற்கு வழி இருக்கிறது, ஆனால் அந்த வழியை யாரும் தாமாகச் சொல்லவில்லை. மின்னஞ்சல் போட்டால் பதில் வர வாரக்கணக்கு, வரும் பதிலும் 'அட்டையை இணைக்கவும்' என்றுதான். என்னோடு சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், கானாக்காரர், இந்தக் கட்டத்திலேயே வெறுத்துப்போய் விலகிவிட்டார். அவரைப் போன்ற ஒருவரை இழந்தது ஆஸ்பத்திரிக்குத்தான் நட்டம். இதோடு கணினியில் செய்யும் பாடங்கள் வேறு: தீ வந்தால் என்ன செய்வது, கிருமி பரவாமல் எப்படிக் கை கழுவுவது, நோயாளியின் தகவலைக் காப்பது, யாரும் துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் யாரிடம் சொல்வது. பாடம் சுலபம், உள்ளே நுழைய வைக்கும் கடவுச்சொல்தான் கஷ்டம். பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். சனிக்கிழமைகளில் வைத்தார்கள், ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், கணவரை இழந்த ஒரு அம்மா, மருத்துவக் கல்லூரிக்கு முயலும் பொடியன் ஒருவன், நான், இன்னும் சிலர். முதல் நாள் கற்றுத்தந்தது பெயரைச் சொல்வது. சிரிக்காதீர்கள். 2013இல் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர், தானே புற்றுநோயாளியாகக் கட்டிலில் படுத்திருந்தபோது வந்துபோனவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கவனித்து 'ஹலோ மை நேம் இஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2016இல் அவர் இறந்துவிட்டார். அந்த வாசகம் போட்ட அட்டை இன்றைக்கும் ஆஸ்பத்திரி ஊழியர்களின் சட்டையில் இருக்கிறது. பெயரைச் சொல், ஏன் வந்திருக்கிறாய் என்று சொல், உட்காரலாமா என்று கேள். படுத்திருப்பவர் தலைக்கு மேலே நின்று பேசாதே. இதை ஒரு காலை முழுக்க மாறி மாறிச் செய்யவைத்தார்கள்.

பிறகுதான் உண்மையான பயிற்சி. மூன்று மூன்று பேராகப் பிரித்துவிடுவார்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் போய்ப் பார்ப்பவர், மூன்றாமவர் வாயைத் திறக்காமல் கவனிப்பவர். போய்ப் பார்ப்பவர் புத்தி சொல்லத் தொடங்கினால் பயிற்சியாளர் கையை உயர்த்துவார், அத்தோடு நிறுத்த வேண்டும். 'என் அக்காவுக்கும் இதேதான் வந்தது, இப்ப நல்லா இருக்கிறா' என்று தொடங்கினாலும் கை உயரும். 'எல்லாம் சரியாகிவிடும்' என்றாலும் உயரும். அன்றைக்கு அந்தக் கை கீழே இறங்கிய நேரம் குறைவு, அதுவும் எங்கள் மேசையில். பொடியனுக்கு இது பிரச்சினையாகவே இல்லை, அவனிடம் சொல்லப் புத்தியும் இல்லை, ஒப்பிட அக்காவும் இல்லை. எங்களுக்குத்தான். அறுபது வயது என்பதே புத்தி சொல்லக் கிடைத்த லைசென்ஸ் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போனால் ஆரஞ்சுப் பழத்தோடு 'ஒண்டுக்கும் யோசியாதேங்கோ'வையும் சேர்த்துத்தானே கொண்டுபோவோம்.

வயதான தன்னார்வலர்கள் வேண்டும் என்று எல்லா ஆஸ்பத்திரியும் கேட்கிறது, வாழ்க்கை அனுபவம் இருக்கிறதாம். இருக்கிறது. சாவு பார்த்திருக்கிறோம், மௌனத்தில் உட்காரத் தெரியும், அவசரம் இல்லை. ஆனால் அந்த அனுபவத்தை வாயால் கொடுக்கக் கூடாது என்பதுதான் முழுப் பயிற்சியும். இதை ஏற்றுக்கொள்ள முடியும் என்றால் சேருங்கள். முடியாது, எனக்குத் தெரிந்ததைச் சொன்னால்தான் திருப்தி என்றால் கோயிலில் சொற்பொழிவுக்குப் பெயர் கொடுங்கள், அதுவும் நல்ல காரியம்தான்.

பயிற்சியாளர் நடுவே அன்டன் பாய்சன் என்ற அமெரிக்கரின் கதையைச் சொன்னார். போதகராக இருந்தவர். 1920இல் மனம் குழம்பி மனநோய் ஆஸ்பத்திரியில் அடைபட்டார், மீண்டு வந்து, 1924இல் மாசசூசெட்ஸில் வுஸ்டர் மனநல ஆஸ்பத்திரிக்குச் சாப்ளினாகப் போனார். வயது 47. அடுத்த கோடையில் நான்கு இறையியல் மாணவர்களைக் கூட்டிவந்து, புத்தகத்தில் படிப்பதுபோல நோயாளிகளிடம் படியுங்கள் என்று வார்டில் விட்டார். அமெரிக்காவில் இன்றைக்கு ஆஸ்பத்திரிச் சாப்ளின்கள் பெறும் பயிற்சியின் தொடக்கம் அதுதான். எங்களுக்குத் தந்தது அதன் சின்னப் பேரப்பிள்ளை போன்ற ஒன்று: ஒரு சந்திப்பு முடிந்ததும் நீ சொன்னது, அவர் சொன்னது எல்லாவற்றையும் பெயர் இல்லாமல், நினைவில் உள்ளபடி எழுதிவந்து குழுவில் வாசிக்க வேண்டும். பக்கத்தில் உள்ளவர்கள் 'இங்கே ஏன் பேச்சை மாற்றினாய்?' என்று கேட்பார்கள். வயதானவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நாற்பது வருடம் கழித்து ஒருவர் நம் கொப்பியைத் திருத்துகிறார் என்றால் யாருக்குத்தான் சுகமாக இருக்கும்? ஆனால் முழுப் பயிற்சியிலும் பெறுமதியான பகுதி இதுதான், இதற்காகவே ஐந்து நட்சத்திரம்.

உடை விஷயம் சுருக்கமாக. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது: கைக்கடிகாரம், காப்பு, வளையல், கோயிலில் கட்டிய நூல் எதுவும். மோதிரம் என்றால் கல் இல்லாத ஒன்று மட்டும். விரதம் இருந்து கட்டிய காப்பு நூலை எப்படி அறுப்பது என்று ஒரு அக்கா கேட்டார், நல்ல கேள்வி. சீக்கியர்கள் மதத்துக்காகப் போடும் கடா என்ற வளையத்தை மேலே தள்ளிப் பிடித்துக்கொள்ள அனுமதிப்பதுபோல நமக்கும் கேட்டுப் பார்க்கலாம், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு விதி. செருப்பு கூடாது, மூடிய சப்பாத்துதான்.

இனிக் குறை. தமிழ் தெரிந்த தன்னார்வலர் வார்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. நடப்பது இதுதான். நர்ஸ் ஓடிவருவார், 'நீங்கள் தமிழ்தானே, இந்த அம்மாவிடம் நாளைக்கு ஆபரேஷன் என்று சொல்லி, சம்மதமா என்று கேளுங்கள்.' அந்த அம்மா காலையிலிருந்து கேட்டதற்கெல்லாம் 'யெஸ் யெஸ்' என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறார். நமக்கோ உதவி செய்யக் கை துருதுருக்கும். செய்யக் கூடாது. மருத்துவம் சம்பந்தப்பட்ட எதற்கும் பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் கூப்பிட வேண்டும், போனிலேயே எடுக்கலாம். நாம் அரைகுறையாகச் சொல்லி அவர் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு ஏதாவது ஆனால்? விதி சரியானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. என் கோபம் என்னவென்றால் பயிற்சியில் இதற்குக் கொடுத்தது ஒரே ஒரு வரி. களைத்துப்போன நர்ஸ் ஒருவர் கெஞ்சும்போது எப்படி மறுப்பது, மறுத்தபின் அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு ஒத்திகை வைத்திருக்கலாம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இந்தச் சிக்கலே வராது, அதனால் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. இப்போது நான் செய்வது: 'மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள், அதுவரை நான் அவர் பக்கத்தில் இருக்கிறேன்.' இது பெரும்பாலும் வேலை செய்கிறது.

அடுத்தது குடும்பம். வெள்ளைக்கார நோயாளிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒருவர் இருப்பார், அல்லது யாரும் இருக்க மாட்டார்கள். நம் நோயாளிக்கு மகன், மருமகள், பெறாமகள், ஊர்ச் சங்கத் தலைவர். மகன் தாழ்வாரத்திலேயே மறித்து 'அண்ணை, அம்மாவுக்குக் கேன்சர் எண்டு சொல்லிப்போடாதேங்கோ' என்பார். சொல்வது நம் வேலை இல்லை, மறைப்பதும் நம் வேலை இல்லை. இங்குள்ள சட்டப்படி, புரிந்து முடிவெடுக்கக்கூடிய நிலையில் உள்ள ஒருவரின் நோய் அவருடைய விஷயம், மகன் கேட்டாலும் அவர் விருப்பம்தான் முதலில். இதைப் பயிற்சியில் அழகாகச் சொன்னார்கள். ஆனால் மகனைக் கெட்டவன் போலப் பார்க்கும் ஒரு தொனி இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் அம்மாவைக் காப்பாற்றுவதாகத்தான் நினைக்கிறான். அம்மாவோ பல நேரம் எல்லாம் தெரிந்துகொண்டு மகனுக்காகத் தெரியாததுபோல இருப்பார். இரண்டு பேருக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு உட்காருவது எப்படி என்று ஒரு பாடம் வைத்தால் நான் மறுபடியும் காசு கொடுத்துக்கூட வருவேன்.

இரகசியம் காப்பது நமக்கு மற்றவர்களைவிடக் கஷ்டம், இதையும் சொல்லிவிட வேண்டும். லண்டன் பெரிய நகரம், லண்டன் தமிழர் உலகம் மிகச் சின்னது. ஹைகேட் முருகன் கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் 'உங்கட ஆஸ்பத்திரியில எங்கட ஊர் ஆள் ஒருத்தர் படுத்திருக்கிறாராமே' என்று தொடங்குவார். தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்று பொய்யும் சொல்ல முடியாது. 'அங்கே பார்ப்பதை வெளியே கதைக்கக் கூடாது' என்று ஒரே பதிலை எல்லோருக்கும் எப்போதும் சொல்லிப் பழகிவிட்டால் பிறகு கேட்க மாட்டார்கள். கொஞ்சம் கர்வம் பிடித்தவன் என்று பெயர் வரும், வரட்டும்.

சடங்கு விஷயங்களில் பயிற்சி பரவாயில்லை. கத்தோலிக்கருக்கு நோயில் பூசுதலைக் குருவானவர் மட்டுமே தரலாம், நம்மிடம் கேட்டால் உடனே அழைக்க வேண்டும். சைவர்களுக்கு: திருநீறு பூசலாம், ஆனால் தனி அறையில் வைத்திருக்கும் தொற்று நோயாளி என்றால் நர்ஸிடம் கேட்டுவிட்டு. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் கிடையாது, ஒட்சிசன் ஓடும் இடம், பற்றரியில் எரியும் சின்ன விளக்குதான். கங்கைத் தீர்த்தம் ஒரு சொட்டு என்றாலும் வாயில் விடக் கூடாது, விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். நர்ஸ் பஞ்சில் நனைத்து உதட்டை ஈரமாக்கித் தருவார். தேவாரத்தை போனில் மெல்லிய சத்தத்தில் போடலாம், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல். சிவபுராணம் தெரிந்தவர் என்றால் மெதுவாக நாமே சொல்லலாம், நோயாளி கேட்டால் மட்டும்.

இறப்புக்குப் பிறகு குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, எப்போது உடலைத் தருவார்கள் என்பது. செப்டம்பர் 2024 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், மரண விசாரணை அதிகாரிக்குப் போகாத எல்லா மரணங்களையும் மருத்துவப் பரிசோதகர் என்ற இன்னொரு மருத்துவர் பார்த்த பின்னரே பதிவு செய்ய முடியும். விரைவாகத் தகனம் செய்ய வேண்டும் என்று மதக் காரணம் இருந்தால் அதை முதல் மணிநேரத்திலேயே வார்டிலும் இறப்பு அலுவலகத்திலும் சொல்லிவிடுவது நல்லது. இது எங்கள் பயிற்சியில் இருக்கவில்லை, நான் கேட்டுத் தெரிந்துகொண்டது.

பிரார்த்தனை அறை பற்றி: எல்லா மதத்துக்கும் பொதுவான அறை. தொழுகைக்குப் பாய் இருக்கிறது, கால் கழுவ இடம் இருக்கிறது, சிலுவை இருக்கிறது, அதையெல்லாம் ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். நமக்கு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிள்ளையார் படமும் தீபாவளி மட்டும் குறித்த ஒரு நாட்காட்டியும். தைப்பொங்கலையும் சிவராத்திரியையும் எழுதிக்கொடுத்தேன், அடுத்த வருட நாட்காட்டியில் வந்துவிட்டது. கேட்டால் செய்கிறார்கள், கேட்க ஆள் இல்லாததுதான் குறை.

ஒரு விஷயத்தில் தாராளமாகப் பாராட்ட வேண்டும். மாதம் ஒருமுறை தன்னார்வலர்களைக் கூட்டி, என்ன பார்த்தீர்கள், எது மனதை அழுத்துகிறது என்று கேட்கிறார்கள். போன வாரம் சிரித்துக் கதைத்தவரின் கட்டிலில் இந்த வாரம் வேறொருவர் இருப்பார், அதைப் பற்றி வீட்டில் கதைக்க முடியாது, இங்கே கதைக்கலாம். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தருவார்கள். தேத்தண்ணி வெறும் சுடுதண்ணி மாதிரி, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இதைச் சம்பள வேலையாக மாற்ற முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியும், ஆனால் சுலபம் இல்லை. சம்பளச் சாப்ளின் வேலைக்கு இறையியலிலோ அதை ஒத்த துறையிலோ பட்டமும், சாப்ளின்சிக்கென்று தனிப் படிப்பும், நம் சமூகத்தின் அங்கீகாரமும் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். தேவைப்படும்போது மட்டும் கூப்பிட்டு மணிக்கணக்கில் காசு கொடுக்கும் இடங்கள் சில ஆஸ்பத்திரிகளில் உண்டு, தமிழ் பேசும் சைவருக்கு அங்கே வாய்ப்பு இருக்கலாம். அறுபதுக்கு மேல் இதை நம்பி வராதீர்கள், வந்தபின் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர நினைப்பவர்கள் விண்ணப்பத்தை நிரப்புமுன் தன்னார்வலர் அலுவலகத்துக்கு போன் எடுங்கள், மின்னஞ்சல் வேண்டாம். தடுப்பூசி அட்டை இல்லை, இரத்தப் பரிசோதனைக்கு நேரம் கொடுங்கள் என்று முதல் நாளே கேளுங்கள், இரண்டு மூன்று மாதம் மிச்சமாகும். மாதாந்தக் கூட்டம் உண்டா என்று கேளுங்கள், இல்லை என்றால் வேறு ஆஸ்பத்திரி பாருங்கள். எந்த வார்டு என்பதிலும் வாய் திறக்கலாம், நீண்ட நாள் படுத்திருக்கும் முதியோர் வார்டுதான் தொடக்கத்துக்கு நல்லது, அங்கே கதைக்க ஆளும் இருக்கும் நேரமும் இருக்கும். நேரத்தைக் காலை 10 மணிக்குப் பிறகு கேட்டு வாங்குங்கள். பயணச் செலவு தருவதாகச் சொன்னாலும் பற்றுச்சீட்டு நிரப்பி அலுத்துப்போகும், லண்டனில் வயதானவர்களுக்குத் தரும் பயண அட்டைகளான 60 வயது ஒயிஸ்டர் அட்டையோ ஃப்ரீடம் பாஸோ வார நாட்களில் 9 மணிக்குப் பிறகுதான் இலவசம்.